கிராங்க்பெய்ட்டில் கடித்த பாஸ் துள்ளி நழுவுகிறதா?

வணக்கம் நண்பரே. கிராங்க்பெய்ட்ல (சுத்தி இழுத்தா ஆடிக்கிட்டே முங்குற போலி இரை) பாஸ் மீன் நல்லா கடிக்குது, ஆனா கிட்ட வர்றதுக்குள்ள துள்ளிக் கொக்கியை உதறிட்டுப் போயிடுது, முடிச்சுல கோளாறான்னு கேட்டிருக்கீங்க. லூர், அதாவது அந்தப் போலி இரை, முழுசா திரும்பி வருதே, அப்போ முடிச்சு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்ன ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடும் (நுனிப் பக்கம் மட்டும் வளையுற தூண்டில் கம்பு) 30 பவுண்ட் தாங்குற பிரெய்டும்தான் (பின்னல் லைன்) எனக்கு இடிக்குது.

பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. ராடும் விறைப்பா இருந்தா, மீன் தலையை உதறுற ஒவ்வொரு தடவையும் அந்த உதறல் நேரா கொக்கிக்குப் போகும். லூர்ல இருக்குற ட்ரெபிள் கொக்கி (மூணு முனைக் கொக்கி) சின்னது, ஆழமா இறங்காது. குத்தின ஓட்டை பெரிசாகி, லைன் ஒரு நொடி தொய்ஞ்சாலே கழண்டுடும். பாதி வரைக்கும் வளையுற மாடரேட் ராடுக்கு மாறுங்க, அதுதான் சரியான தீர்வு. இப்போதைக்கு ரீல்ல 12 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லைன் ஏத்தி, டிராகை (மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்குற ரீல் பிடி) கொஞ்சம் தளர்த்துங்க. மோனோவும் (சாதா நைலான் லைன்) நல்லா நீளும், ஆனா லூர் அவ்வளவு ஆழம் போகாது.

கடிச்சதும் மேல வெட்டி இழுக்காதீங்க. கனம் தெரிஞ்சதும் ரீலைச் சுத்திக்கிட்டே ராடைப் பக்கவாட்டுல கொண்டு போங்க, போதும். லைன் மேல ஏறுதுன்னா மீன் துள்ளப் போகுது. உடனே ராட் நுனியைத் தண்ணிக்குள்ள இறக்கிடுங்க, சுத்துறதை நிறுத்தாதீங்க.

கொக்கி முனையை நகத்து மேல லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கினா மழுங்கிடுச்சு, மாத்திடுங்க. அதே சைஸ், அதே கனமா வாங்குங்க. கனம் கூடினா லூரோட ஆட்டமே மாறிடும்.