வகுப்பு எடுத்தும் வீட்டில் சமையல் மாறவில்லை என்ற உங்கள் கேள்விக்கு

ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு வாரம் ஊட்டச்சத்து வகுப்பு எடுத்தும் எந்த வீட்டிலும் சமையல் மாறவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். குறை அந்தத் தாய்மார்களிடம் இல்லை. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல்கூடச் சுவைக்க வேண்டியிருக்கலாம். கையில் காசில்லாதவர், தட்டில் மிஞ்சிவிடக்கூடிய ஒன்றை எந்தத் துணிச்சலில் வாங்குவார்? அந்தப் பயம் முழுக்க நியாயமானது. ஆகவே அந்த முதல் சுவைகளை வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே காய், தொடர்ந்து பல வாரம், குழந்தைக்கு ஒரு வாய் போதும். விளக்கப்படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

உடற்பயிற்சிக்கென்று தனி நேரமும் கேட்காதீர்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடிப்பிடித்து விளையாடுவதும் கயிறு தாண்டுவதும் அதில் சேரும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஆடட்டும்.