டெக்சாஸின் தடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து ஊரில் இருக்கும் என் மகளுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுப் பணி அநேகமாக உறுதியாகியிருந்தது. இப்போது மாநில ஆளுநரின் தடையால், வெளிநாட்டவர் அமெரிக்காவில் பணியாற்றுவதற்கான ஹெச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்க இயலாது என்று எழுதிவிட்டார்கள். “அவர்கள் ஊர் வேலையை அவர்கள் ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள், நாமும் அதைத்தானே கேட்கிறோம்” என்கிறார் பக்கத்து வீட்டு நண்பர். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கு.

அன்புள்ள கு.,

உங்கள் நண்பர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. பாலக்காட்டுத் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர்களே வர வேண்டும் என்று நானும் வாதாடுபவன். ஆனால் அது அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிய நிபந்தனை. பிறந்த ஊரைப் பற்றியதல்ல. செங்கோட்டையில் நான் மேல்நிலை வகுப்பில் படித்தபோது எங்களுக்கு வேதியியல் நடத்தியவர் கேரளத்துப் புனலூர்க்காரர். காலை மீட்டர்கேஜ் ரயிலில் மலை கடந்து, நனைந்த குடையோடு வகுப்புக்குள் வருவார். சமன்பாட்டை எழுதி, அம்புக்குறியைச் சாக்கட்டியால் தட்டி, “இங்கோட்டு நோக்கு” (இங்கே பார்) என்று மலையாளத்தில் சொல்வார். அவர் வருவதற்கு முன் அந்த இடம் இரண்டு ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. அவரிடம் படித்த உள்ளூர்ப் பிள்ளைகளில் மூவர் இன்று அதே பாடத்தை நடத்துகிறார்கள்.

டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2026 ஜனவரியில் பிறப்பித்த ஆணை, மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் 2027 மே 31 வரை புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களைச் சிறப்பு அனுமதியின்றி அளிக்கக் கூடாது என்கிறது. கோட்டயம் அருகே பள்ளத்தில் பிறந்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் 1969 முதல் பணியாற்றியது அதே மாநிலத்தின் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில்தான்; அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் ஒரு குவாண்டம் அமைப்பு மாறாமல் நின்றுவிடும் என்னும் குவாண்டம் ஸீனோ விளைவு குறித்து வைத்யநாத் மிஸ்ராவோடு அவர் எழுதிய 1977ஆம் ஆண்டுக் கட்டுரை அக்காலத்தில் வந்தது. பின்னர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கும் அவர் இயக்குநராக இருந்தார். அத்தகைய ஒருவர் வந்து சேரும் வழியைத்தான் இந்த ஆணை அடைக்கிறது என்பதே என் வருத்தம்.

இன்று ஆண்டுக்கு 85,000 என்றிருக்கும் ஹெச்-1பி உச்சவரம்பிலிருந்து பல்கலைக்கழகங்களை அமெரிக்க நாடாளுமன்றமே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கி வைத்தது. ஆய்வுக்கு ஆள் தேடுவது வேறு வகை வேலை என்று அன்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணத்தில் அந்த விலக்கு இல்லை. நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய விண்ணப்பம் என்றால் பல்கலைக்கழகமும் அதைக் கட்ட வேண்டும். ஓர் இளம் ஆய்வாளரின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம்.

உங்கள் மகள் மனம் தளர வேண்டாம். மாநில ஆணையும் அந்தக் கட்டணமும் ஹெச்-1பிக்கு உரியவை. ஆய்வாளர்களுக்கான ஜே-1 விசாவில் அழைக்க முடியுமா என்று பேராசிரியரிடம் நேரடியாக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அந்த விசாவில் செல்வோரில் சிலர் முடிவில் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், அந்த நிபந்தனை தனக்குப் பொருந்துமா என்பதையும் கையெழுத்திடும் முன்பே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.