திருமண உறுதிமொழியைச் சுருக்கிச் சுவரில் மாட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: திருமணத்தன்று இருவரும் வாசித்த உறுதிமொழியில் எட்டு வாக்கியங்கள் இருக்கின்றன, அதை வீட்டிலேயே கையால் எழுதிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்ட ஆசை, பார்க்க அழகாக இருக்க இரண்டு மூன்று வரிகளாகச் சுருக்கலாமா, துணைக்குத் தெரியாமல் செய்து திருமண நாளன்று கொடுக்கலாமா. நீங்கள் கணவர்தான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மனைவியாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இப்படி யோசனை தோன்றுவது பெரும்பாலும் கணவர் இனத்துக்குத்தான்.

சுருக்காதீர்கள். சுருக்கியே தீர வேண்டும் என்றால் துணையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சுருக்குங்கள். நான் தனியாகச் சுருக்கியவன். அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் திருமணம் 2010 ஆவணியில் மதுரையில் நடந்தது. சுயமரியாதைத் திருமணம். மனைவியின் குடும்பம் அருப்புக்கோட்டைப் பக்கம். பெரியார் தலைமையில் 1928-இல் சுயமரியாதைத் திருமணம் நடந்த சுக்கிலநத்தம் அவர்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். அந்தப் பெருமையை என் மாமனார் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் கோவில் குளம் என்று இருப்பவர்கள். ஐயர் வைத்து நடந்த திருமணங்களை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். ஏழடி எடுத்து வைக்கும்போது சொல்லப்படுவதும் உறுதிமொழிதான், தேவாலயத்தில் இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொல்வதும் உறுதிமொழிதான். அவற்றின் பொருளைக் கேட்டுத் தமிழில் எழுதி மாட்டினால் எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் உறுதிமொழியில் முதலில் ஐந்து வாக்கியங்கள்தான். தலைமை தாங்கிய தமிழாசிரியர் கோடு போட்ட தாளில் எழுதி வந்திருந்தார். நான் நான்கை வாசித்து முடித்தபோது மணமகள், "ஐயா, ஒன்று சேர்க்க வேண்டும்" என்றாள். ஒலிபெருக்கி அவள் பக்கம் போனது. "நான் பார்க்கும் வேலையை விடச் சொல்ல மாட்டேன் என்று இவர் சொல்ல வேண்டும்." மண்டபமே சிரித்தது. என் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அந்தத் தாளிலேயே நான்காவதற்கும் கடைசி வாக்கியத்துக்கும் நடுவில் நெருக்கி எழுதி, "சொல்லுங்கள் தம்பி" என்றார். "உன் வேலையை விடச் சொல்ல மாட்டேன்" என்று நானும் கணீரென்று சொன்னேன். அதுதான் ஐந்தாவது வரி. பழைய ஐந்தாவது ஆறாவதாகிவிட்டது.

2014-இல் இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விடச் சொன்னேன். அம்மாவுக்கு மூட்டுவலி, பெரியவனுக்குப் பள்ளி, எனக்குக் கடையில் கணக்கு முடிக்க இரவு ஒன்பதாகும் என்று காரணங்கள் இருந்தன. இன்றைக்கும் அந்தக் காரணங்கள் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இரண்டரை ஆண்டு வீட்டில் இருந்தாள். பிறகு வேறு இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

2020-இல் பத்தாம் ஆண்டு. கொரோனா காலம், எங்கும் போக வழியில்லை. உங்களுக்குத் தோன்றிய அதே யோசனை எனக்கும் தோன்றியது. முதலில் ஓர் அச்சுக் கடைக்குப் போனேன். கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர்களிடம் இருந்த பழைய மென்பொருளும் எழுத்துருவும் கைப்பேசி தரும் யூனிகோடு எழுத்தை ஏற்கவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் எங்கோ தொங்குகிறது. 'கொள்கிறேன்' என்ற சொல் கீழே விழுந்து உடைந்தது போல இருந்தது. "படித்தால் புரிகிறதே அண்ணே" என்றான் கணினியில் இருந்த பையன். நீங்கள் அச்சடிப்பதாக இருந்தால் கோப்பை வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், எழுத்து உடையாது. அன்று எனக்கு அது தெரியவில்லை. கோபத்தில் வெளியே வந்து ஒரு சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாக்களும் வாங்கினேன்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு வாக்கியம் முடிந்ததும் தாளில் இடம் குறைந்துவிட்டது. ஆறாவது வாக்கியம் "வாழ்நாள் முழுவதும்" என்று தொடங்கும், முடிப்பதற்கு அழகாக இருக்கும். ஐந்தாவதை விட்டுவிட்டேன். இடம் போதாததால் விட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டால், இன்றுவரை நேரான பதில் என்னிடம் இல்லை.

அவள் படத்தை வாங்கினாள், படித்தாள். விரலால் வாக்கியங்களை எண்ணினாள். "ஐந்தாவது எங்கே?" அவ்வளவுதான் கேட்டாள். இடம் இல்லை என்றேன். "மயிலுக்கு இடம் இருந்திருக்கிறதே" என்றாள். மூலையில் தோகை விரித்த மயில் ஒன்றை நான் வரைந்திருந்தேன்.

மாட்ட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மாட்டினோம். மேற்குச் சுவர், மாலை வெயில் நேராக விழும். ஸ்கெட்ச் பேனா மை சாயம்தான். சாயத்தை வெயில் தின்றுவிடும். ஒன்றரை ஆண்டில் சிவப்பு எழுத்துகள் வெளிறி மறைந்தன. ஐப்பசி மழையில் சுவர் ஊறித் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே வெயில் படும் சுவர் வேண்டாம், குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் போர்டு என்ற தடித்த அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள்.

2022-இல் மாமனார் எங்களோடு வந்து தங்கினார். அவர் போர்டு ஆர்ட்டிஸ்ட். முப்பது ஆண்டுக்கு மேல் மதுரையில் கடைப் பலகை, சுவர் விளம்பரம், மாநாட்டுத் துணி பேனர் எழுதியவர். இங்கே கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் காதுகுத்து, பூப்பு நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் தெருமுனையில் பிளெக்ஸ் நிற்கும். 2005 வாக்கில் அது வந்து இறங்கியது, இரண்டு மூன்று ஆண்டுக்குள் மாமனாருக்கு வேலை நின்றுவிட்டது. ஓரிரவில் எழுத முடியாததை ஒரு மணி நேரத்தில் அச்சடித்துத் தருகிறார்கள், விலையும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய பலகையில் பதினைந்து ஆண்டு ஆனாலும் எழுத்து நிற்கும். பிளெக்ஸ் மறுவாரமே ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடுகிறது. எழுத்துப் பிழை இல்லாத பிளெக்ஸைக் காட்டினால் நான் காபி வாங்கித் தருகிறேன். அவர் பிழையாக எழுதினால் கடைக்காரர் காசு கொடுக்காமல் திரும்ப எழுதச் சொல்வார். இப்போது யாரும் கேட்பதில்லை. கடைசிப் பத்து ஆண்டுகள் அவர் இரவுக் காவலாளியாக இருந்தார். சரி, விடுங்கள்.

வெளிறிய படத்தைப் பார்த்துவிட்டு அவர், "மாப்பிள்ளை, துணியில் எழுதுவோம்" என்றார். விளக்குத்தூண் பக்கம் போய்க் காடா துணி வாங்கி வந்தேன். விறைப்பாக இருக்கட்டும் என்று சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். திட்டினார். கஞ்சி போட்ட துணியைச் சுவரில் மாட்டினால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. அலசிவிட்டு, ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, துணியை இழுத்துப் பின்பக்கம் ஆணி அடித்தோம். வெள்ளை எமல்ஷனில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. எழுத்துக்கு அக்ரிலிக். வீட்டில் கதவுக்கு அடித்த எனாமல் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அதில் உள்ள எண்ணெய் துணியில் பரவி எழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை போடும்.

கோடு போட அவர் அளவுகோலைத் தொடவில்லை. நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டார். நேர்கோடு விழுந்துவிட்டது. வரியை நடுவில் நிறுத்த நான் எழுத்துகளை எண்ணினேன். "எழுத்தை எண்ணாதீர்கள், அகலத்தை எண்ணுங்கள்" என்றார். உண்மைதான், ஒரு 'ணை' மூன்று 'ர'வின் இடத்தைத் தின்னும். மேலே விசிறி, கீழே கொக்கி என்று நம் எழுத்துகள் இரு பக்கமும் நீள்வதால் எழுத்தின் உயரத்துக்குச் சமமான இடைவெளி வரிக்கு வரி வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் 'கு' கீழ்வரியின் 'கி'யோடு சிக்கிக்கொள்ளும். பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓரங்குல எழுத்து என்பது அவர் கணக்கு. எங்கள் அறை சிறியது, முக்கால் அங்குலம் வைத்தோம்.

அவருக்குக் கை நடுக்கம். பென்சிலால் ஓரம் மட்டும் வரைந்தார், நடுங்கிய இடத்தை என் மனைவி சரிசெய்துகொண்டு தூரிகையால் நிரப்பினாள். சுற்றிலும் என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கரையாக ஒட்டினோம். கையால் முடிச்சுப் போட்ட பழைய சேலை, இப்போது கடைகளில் கிடைப்பதில் பாதிக்கு மேல் புள்ளி அச்சடித்ததுதான். ஒட்டும் முன் நனைத்து நிறம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாக்கியம் முடிந்ததும் அவள் தூரிகையை என்னிடம் நீட்டினாள். "இதை நீங்கள் எழுதுங்கள்." மாமனார் பென்சிலை எடுத்தார். "வேண்டாம்ப்பா, அவரே எழுதட்டும்" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து காபி குடிக்கப் போனார். அந்த ஐந்தாவது வாக்கியம் துணியில் இரண்டு வரிகள்தான், சாயங்காலம் வரை ஆனது. வலப்பக்கம் போகப் போக எழுத்து மேலே ஏறிவிட்டது. 'மாட்டேன்' என்பதன் கால் பக்கத்துச் சொல்லில் இடிக்கிறது. நடுவில் அவள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "அந்த இரண்டரை ஆண்டில் நான் இதைத் தினமும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டு ஆண்டாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். நான் தூரிகையை வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்த வரியை முடித்திருக்க மாட்டேன்.

உறுதிமொழி வெறும் மேடைப் பேச்சுதானே, எந்த வரி இருந்தால் என்ன என்று சிலர் எழுதுவீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, கணக்கு எழுதுபவன். ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலத்துக்காக 1967-இல் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலே அது திருமணம். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதும் தாலி கட்டுவதும் அதே பிரிவு சொல்லும் மற்ற வழிகள். எங்களைப் போன்றவர்களுக்குச் சொன்ன சொல்தான் திருமணம். அதில் கத்தரி வைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் எப்படி வரும்?

இப்போது படம் சமையலறைக்குப் போகும் வழியில் தொங்குகிறது. முன்னறையில் மாட்ட வீட்டுக்காரர் விடவில்லை. புதிதாக ஆணி அடித்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாராம், அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. பழைய காலண்டர் ஆணியிலேயே மாட்டிவிட்டோம். சிலிண்டர் போடும் தம்பி போன மாதம் நின்று முழுவதும் படித்துவிட்டு, "ஐந்தாவது மட்டும் வேறு ஆள் எழுதியது போல இருக்கிறதே சார்" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். மூன்றடி உயரம், இரண்டடி அகலம் உள்ள துணியில் ஓரம் போக, முக்கால் அங்குல எழுத்தில் இருபது வரி வரும். வரிக்கு மூன்று சொல் என்றால் அறுபது சொல். எங்களுடைய ஆறு வாக்கியங்கள் அதில் அடங்கின. உங்கள் எட்டு வாக்கியங்களில் மொத்தம் எத்தனை சொல் என்று இருவரும் சேர்ந்து எண்ணிவிட்டுத் துணி வாங்கப் போங்கள். அறுபதைத் தாண்டினால் அகலத்தில் ஓரடி கூட்டிக்கொள்ளுங்கள், மயில் வேண்டாம்.