எந்த முகவரியை மாற்ற வேண்டும்? பெங்களூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒயிட்ஃபீல்டில் நெட்வொர்க் வேலையில் 15 வருஷம் ஓட்டியவள் என்பதால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்), மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் பாகத்துக்குத் தொழிற்சாலையில் போடும் எண்) இரண்டைப் பற்றியும் கேட்கச் சொன்னேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே கேள்வியாக வந்ததை எல்லாம் சேர்த்துவிட்டேன்.

அல்சூரிலிருந்து: அக்கா, ஒரு வெப்சைட் என்னை பிளாக் பண்ணிவிட்டது. லேப்டாப்பில் ஐபியை 192.168.1.7-லிருந்து 192.168.1.50 என்று மாற்றியும் திறக்கவில்லை.

தம்பி, நீங்கள் மாற்றியது வீட்டுக்குள் ரவுட்டர் கொடுத்த எண். 192.168, 10, அப்புறம் 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்களெல்லாம் உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கியவை, 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணத்திலேயே இது இருக்கிறது. பக்கத்து வீட்டு லேப்டாப்பும் 192.168.1.7 ஆகவே இருக்கலாம். வெப்சைட் பார்ப்பது இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் வெளி எண்ணை. ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்துப் போட்டால் சிலருக்கு அது மாறும். ஆனால் ரவுட்டரின் செட்டிங்ஸில் வான் (WAN, அதாவது வெளி நெட்டோடு இணையும் பகுதி) பக்கத்தைத் திறந்து பாருங்கள், அங்கே 100.64-லிருந்து 100.127 வரைக்குள் ஓர் எண் இருந்தால் நீங்கள் பலருடன் சேர்ந்து ஒரே வெளி எண்ணில் போகிறீர்கள். அப்படியானால் வம்பு பண்ணியது முன்பின் தெரியாத இன்னொரு சந்தாதாரராகவும் இருக்கலாம். நிலையான ஐபி வேண்டுமென்று கம்பெனியிடம் கேட்டு, தனியாகக் காசு கட்டினால்தான் வழி.

எஸ்.பி. ரோட்டில் புது ரவுட்டர் வாங்கியவர்: எல்லா விளக்கும் எரிகிறது, நெட் மட்டும் இல்லை.

எனக்கும் இது நடந்தது சார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கேபிளை மாற்றி மாற்றிக் குத்தினேன், கடைசியில் பார்த்தால் லைன்காரர்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியைப் பூட்டி வைத்திருந்தார்கள். புது ரவுட்டரில் மேக் குளோன் என்ற இடத்தில் பழைய பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் போடுங்கள், அல்லது போன் பண்ணி அவர்களையே மாற்றச் சொல்லுங்கள்.

பிடிஎம் லேஅவுட் பிஜியிலிருந்து: மேக் எண்ணை ஓனரிடம் பதிவு செய்தும் போன் இணையவில்லை. ரூம்மேட்டின் எண்ணை என் லேப்டாப்பில் போட்டுவிடவா?

வேண்டாம்மா. ஒரே நெட்வொர்க்கில் ஒரே மேக்கோடு இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் விட்டுவிட்டுத்தான் வரும். கோளாறு போனில். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதற்கொண்டு போன்கள் வைஃபைக்குத் தாங்களாகவே ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன, நீங்கள் கொடுத்தது தொழிற்சாலை எண். அந்த வைஃபையின் விவரத்தில் தெரியும் எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் ரேண்டம் வசதியை அணைத்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக வைஃபை கார்டின் மேக்கை மாற்றினால் பழைய எண்ணே திரும்பி வருகிறது.

12 இலக்கத்தில் இரண்டாவதைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இல்லாவிட்டால் வைஃபை டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்த இடம் 'இது கம்பெனி போட்ட எண் அல்ல, நானே வைத்தது' என்று சொல்லும் அடையாளம். நடுவே கோடு, புள்ளி எதுவும் போடாதீர்கள்.

சிவாஜிநகர் கடைக்காரர்: பிரிண்டருக்கு 192.168.1.20 என்று கையால் போட்டேன், இரண்டு நாள் ஓடியது, அப்புறம் காணோம்.

ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரிசைக்குள் அந்த 20-ம் இருந்திருக்கும். பிரிண்டர் அணைந்திருந்த நேரத்தில் யாருடைய போனுக்கோ கொடுத்துவிட்டது. பிரிண்டரை மறுபடி ஆட்டோமேட்டிக்கில் விட்டு, ரவுட்டரில் அதன் மேக்குக்கு 20-ஐ ரிசர்வ் பண்ணுங்கள் அண்ணா.

ராமமூர்த்தி நகர்: ஐபி 169.254 என்று காட்டுகிறது, எப்படி மாற்றுவது?

மாற்ற ஒன்றுமில்லை. ரவுட்டரிடமிருந்து பதில் வராததால் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட எண் அது. முதலில் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா பாருங்கள்.