கோர்ட்டில் அரசுக்காகப் பேசுவது யார் என்று கேட்ட மகளுக்காக

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை ஊட்டியில் நடந்த வழிகாட்டி முகாமுக்குக் கூடலூரிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தீர்கள். மழையில் நனையக் கூடாது என்று மதிப்பெண் பட்டியலை ஒரு பழைய டைரிக்குள் வைத்து, டைரியைத் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்கள். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலால் நீங்கள் பக்கம் புரட்டியபோது, நான்காக மடித்த இன்னொரு தாளும் மேசையில் விழுந்தது. 'செக்‌ஷன் 17' என்று அதன் மேல் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். நீங்கள் அவசரமாக அதை உள்ளே வைத்தீர்கள். உங்கள் மகளின் கண் அதிலேயே இருந்தது. அப்புறம்தான் கேட்டாள்: "நம்ம நிலத்து கேஸ்ல அரசாங்கத்துக்காகப் பேசுறவங்க யாரு சார்? அந்த வேலைக்குப் போக என்ன படிக்கணும்?"

நான் வாய் திறப்பதற்குள், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்களுக்கு" என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். பின்னால் வரிசை நின்றது. பி.காம்., வங்கித் தேர்வு என்று பேசி அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது தவறு. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கேட்ட பதவிக்குப் பெயர் அரசுத் தலைமை வழக்கறிஞர். கோர்ட்டில் எல்லோரும் அட்வகேட் ஜெனரல் என்றே சொல்வார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 165ஆவது பிரிவு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒருவர் வேண்டும் என்கிறது. நியமிப்பவர் ஆளுநர். உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கான தகுதி இருக்க வேண்டும். வக்கீல்களைப் பொறுத்தவரை அது உயர் நீதிமன்றத்தில் 10 ஆண்டு அனுபவம். இத்தனை ஆண்டு பதவி என்ற கணக்கு கிடையாது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் இவரும் மாறிவிடுவார். சட்டமன்றத்துக்குள் போய்ப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஒருவர் மேல் குற்றவியல் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட வேண்டும் என்றால் இவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். உயர் நீதிமன்றம் தானாக எடுத்தால் தேவையில்லை.

ஆனால் அந்தப் பிரிவு இவருக்கு முதலில் சொல்லும் வேலை வாதாடுவது அல்ல. அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது. இதைத்தான் அவளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் நில வழக்கில் இவர் வந்து நின்றால், உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நிற்பார். ஆனால் அதற்கு முன்பே கோப்பு இவர் மேசைக்கு வரும்போது, "இதில் அரசு பக்கம் சட்டம் இல்லை, பிடிவாதம் வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரும் இவர்தான். அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் அவள் கேள்வியின் உள்ளே இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜென்மிகளின், அதாவது பரம்பரை நில உடைமையாளர்களின், நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் கூடலூர் ஜென்மச் சட்டம் வந்தது. ஜென்மிகளிடம் குத்தகைக்கு எடுத்த தோட்டங்களைப் பற்றியதுதான் அதில் 17ஆம் பிரிவு. உங்கள் டைரியில் இருக்கும் தாளின் ஆரம்பம் அங்கேதான். ஜென்ம நிலத்துக் காடுகளை அரசு எடுப்பது செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் அந்தச் சட்டத்தை முழுதாக, நீதிமன்றம் தொட முடியாதது என்று அப்போது கருதப்பட்ட, அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அப்படி வைத்தால் கேள்வியே கேட்க முடியாதா என்று வழக்கு மறுபடி எழுந்தது. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் யாரும் மாற்றக் கூடாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து நீதிமன்றம் உரசிப் பார்க்கலாம். இந்தியாவில் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதன் முதல் பக்கங்களிலேயே கூடலூர் என்ற பெயர் வருகிறது. வகுப்பில் அதைப் படிக்கும் நாளில் உங்கள் மகளுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, பெரிய இடத்துப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாதாட வந்த பதவி இது. ஆங்கிலேய பாரிஸ்டர்களே வெகுகாலம் இருந்தார்கள். சென்னையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் பாஷ்யம் அய்யங்கார், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். அதன் பிறகும் பட்டியலில் மயிலாப்பூரின் பெரிய வக்கீல்களின் பெயர்கள்தான் அதிகம். அப்பாவும் பிள்ளையும் வகித்ததும் உண்டு. ஆனால் அதே பட்டியலில் அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யர் இருக்கிறார். நெல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அர்ச்சகர் மகனாகப் பிறந்தவர். 1929 முதல் 1944 வரை அந்தப் பதவியில் இருந்துவிட்டு, பிறகு அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் உட்கார்ந்து அரசமைப்புச் சட்டத்தையே எழுத உதவினார். 1920இல் அந்தப் பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டுக் காங்கிரசுக்குப் போன சீனிவாச அய்யங்காரும் உண்டு. அந்த நாளில் ஒரு பெண் அங்கே போய் நின்றிருக்கவே முடியாது. பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடை இல்லை என்று சட்டம் வந்ததே 1923இல்தான். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது.

இருந்தாலும், அந்தப் பதவியைக் குறிவைத்துப் படி என்று அவளிடம் சொல்ல மாட்டேன். அதற்குத் தேர்வு கிடையாது, விண்ணப்பம் கிடையாது. இருபது, இருபத்தைந்து வருடம் நல்ல வக்கீலாக இருந்தவர்களிலிருந்து ஒருவரை அரசு தேர்ந்தெடுக்கிறது. நல்ல வக்கீல் ஆவதற்கு மட்டும் நாம் திட்டம் போடலாம்.

பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி. அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். உங்களுக்குப் பக்கம் கோயம்புத்தூர். நுழைவுத் தேர்வு எழுதிப் போகும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் திருச்சியில் இருக்கிறது. அங்கே கட்டணம் கூடுதல். என்னைக் கேட்டால் கோவை போதும். ஹாஸ்டல் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள். அவள் ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். படித்து முடித்துப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750 ரூபாய். இதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கஷ்டம் அதற்கப்புறம்தான். இதை மறைக்க மாட்டேன். சில வருடங்களுக்கு முன்பு கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பையனிடம் இந்தத் தொழிலின் பெருமையை மட்டும் சொன்னேன், ஜூனியர் காலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சீனியருக்குக் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டு, வாய்தா தேதி குறித்துக்கொண்டு, பஸ் செலவுக்கே வீட்டில் கேட்டுக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினான். அப்புறம் அங்கியைக் கழற்றிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கணக்கை நான் முன்பே போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பு, அதன் மேல் மூன்று வருடம் சொற்ப வருமானம். எட்டு வருடம் அவள் சம்பளத்தை எதிர்பார்க்காமல் வீடு ஓடுமா என்று நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசுங்கள். ஓடாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.காம். படித்து, வேலைக்குப் போய், பிறகு மூன்று வருட எல்எல்.பி. சேரலாம். அப்படி வந்த நல்ல வக்கீல்கள் நிறைய.

மூன்று வருடம் வக்கீலாக இருந்துவிட்டால் உரிமையியல் நீதிபதி (சிவில் ஜட்ஜ்) தேர்வு எழுதலாம். உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு அந்த அனுபவம் கட்டாயம். குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருடம் இருந்தால் உதவி அரசு வழக்கு நடத்துநர் தேர்வு இருக்கிறது. அவள் சொன்ன "அரசாங்கத்துக்காகப் பேசுற" வேலையின் முதல் படி அதுதான், மாதச் சம்பளத்தோடு.

முடிவு எடுக்கும் முன்பு ஒரு காலை அவளைக் கூடலூர் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். பொதுவாக எல்லா வழக்குகளும் திறந்த கோர்ட்டில்தான் நடக்கும். பின் பெஞ்சில் மதியம் வரை உட்காரட்டும். ஒரு வழக்கு எப்படித் தள்ளிப்போகிறது, ஒரு ஜூனியர் எவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருக்கிறார் என்று பார்க்கட்டும். அங்கேயே சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. அந்த நான்காக மடித்த தாளை அங்கே காட்டுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அந்த ஆசை இருந்தால், இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் மறுநாளே விண்ணப்பித்துவிடுங்கள். கையில் கிடைத்ததும் அவளை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.