பல்லவியோடு நின்றுபோன பாட்டு

அன்புள்ள ஐயா,

நண்பர் போட்ட மெட்டுக்குப் பாட்டெழுதுகிறேன். பல்லவி ஒரே மூச்சில் வந்துவிட்டது.

வாசல் விளக்கு அணையவில்லை
வாடும் மனசு உறங்கவில்லை
நீ போன நாள் முதலாய்
நான் என்பதே எனக்கில்லை

சரணத்துக்கு மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. அதன் முதலடித் தத்தகாரம், அதாவது மெட்டின் அளவைக் காட்டும் ஒலிக்குறிப்பு, ‘தனனத் தனனத் தானா’. கடைசி ‘னா’ நான்கு தட்டு நீள்கிறது. ‘காலம் முழுதும் நீதான்’ என்று எழுதினேன், பாட வரவில்லை. கற்பனை வற்றிவிட்டதா?

ம.

அன்புள்ள ம.,

வற்றவில்லை. சொல்ல இருந்ததைப் பல்லவியிலேயே சொல்லித் தீர்த்துவிட்டீர்கள். ‘நான் என்பதே எனக்கில்லை’ என்றபின் துயரம் மேலே ஏற இடமில்லை. சரணம் அதையே வேறு சொல்லில் சொல்லப் பார்க்கிறது, மனம் மறுக்கிறது. சரியாகத்தான் மறுக்கிறது. அந்த அடியை எடுத்துச் சரணத்தின் முடிவில் வையுங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருவது. அங்கே கண்ணுக்குத் தெரியும் சிறிய காட்சி போதும். உங்கள் முதலடி அப்படிப்பட்டது, அதில் விளக்கு இருக்கிறது. இரண்டாம் அடியில் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்தது ஓசை. ‘தனனத்’ என்பது இரண்டு குறில், பிறகு ஒற்றடுத்த குறில். அங்கே ‘காலம்’ வைத்தால் ‘கா’ முதல் குறிலின் இடத்தில் அடங்காது, அங்கே குறுக்கிப் பாடினால் அது ‘கலம்’ ஆகிவிடும், பொருளே மாறிவிடும். நீளும் இடத்தில் ‘தான்’ வைத்ததும் தவறு. நான்கு தட்டும் ‘ன்’னில் மூக்கொலியாக இழுபடும், இல்லையென்றால் ‘தா’வை இழுத்துவிட்டுக் கடைசியில் ‘ன்’னை ஒட்டவைக்க வேண்டும். அங்கே ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியும் சொல் வேண்டும். மேல்ஸ்தாயியாக, அதாவது உச்சக் குரலில் பாடும் இடமாக இருந்தால் ஈ, ஊ வேண்டாம், தொண்டை இறுகும்.

‘விடியும் வரையில் நானே’ என்று பாடிப் பாருங்கள். அளவு பொருந்துகிறது, ‘னே’ தாராளமாக நீள்கிறது. இனி எதுகையைப் பிடியுங்கள்: படியில், மடியில், நொடியில், கொடியில். எல்லாமே ‘தனனத்’ அளவுதான். இவற்றில் உங்கள் வாசலுக்கும் விளக்குக்கும் பக்கத்தில் இருப்பவை எவை? ‘நொடியில்’ வெறும் ஒலி, தள்ளுங்கள். ‘கொடியில்’ என்றதும் போனவரின் சட்டை இன்னும் கொடியில் கிடப்பது தெரிகிறதல்லவா? பல்லவியில் இல்லாத செய்தி அது. எதுகையை அலங்காரம் என்று ஒதுக்குகிறார்கள். முட்டி நிற்கும்போது வழிகாட்டுவது பெரும்பாலும் அதுதான்.

சட்டையைப் பற்றி 15 நிமிடம், மெட்டை மறந்து, உரைநடையாக எழுதுங்கள். யார் துவைத்தது, ஏன் எடுக்கவில்லை, மழை வந்தால் என்ன ஆகும். அன்றே வெட்டித் திருத்த வேண்டாம். மறுநாள் அதில் ‘தனனத்’துக்கு உட்காரும் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, தாளம் தட்டிப் பாடிக் கைபேசியில் பதியுங்கள். தாளில் சரியாகத் தெரியும் அடி பதிவில் இடறும்.

ஒரே ஒரு அசை மிஞ்சி நல்ல அடி கெடுகிறது என்றால் சொல்லைச் சிதைக்காதீர்கள். எடுப்பை, அதாவது தாளத்தில் அடி தொடங்கும் இடத்தை, அரைத் தட்டு முன்னால் தள்ள முடியுமா என்று நண்பரிடம் கேளுங்கள். அந்த அசை அங்கே உட்கார்ந்துவிடும்.

அன்புடன்.