எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனால் புதிதாக எழுதுபவருக்கு என்ன கிடைக்கும்?

அது எந்த மாநாடு என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பகுதியில் 1926 முதல் நடக்கும் பிரெட் லோஃப் மாநாட்டில், சிறு குழுவாக உட்கார்ந்து உங்கள் கதையை அலசுவார்கள். எங்கே சலிப்புத் தட்டியது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்! அதைவிடப் பெரிய பயிற்சி, அடுத்தவர் கதையைப் படித்துக் கருத்துச் சொல்வது. அவர்கள் பிழை பிடிபட்டால் நம் பிரதியிலும் அது கண்ணில் படும்.

எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசும் இலக்கிய முகவர்களையும், பதிப்பாசிரியர்களையும் சந்திக்கலாம். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் நாவல் வாங்குகின்றன. ஆனால் சந்தித்த கையோடு ஒப்பந்தம் அமைவது அபூர்வம். அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். தமிழில் முகவர் வழக்கம் அநேகமாக இல்லை, பதிப்பாளரிடம் நேரடியாகவே பேசலாம்.